மிதுவின் பெயரில் ஒரு கொம்பனி

கேட்காத இடத்தில் வாய் வைப்பது என்னுடைய குணம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் குறை சொல்ல முடியாது. சண்முகராசா அண்ணையின் வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு வந்து ஆறு வருடமாகிறது. நான் மன்னார், கத்தோலிக்க வேதக்காரி. பெயர் பெர்னடெற். அவர்கள் பருத்தித்துறைப் பக்கத்துச் சைவக்காரர். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டின் இரைச்சலை விட்டு இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. ஒரு குசினி, இரண்டு சமையல்காரிகள். செவ்வாயும் வெள்ளியும் அங்கே மச்சமாமிசம் கிடையாது. எனக்கும் தவக்காலத்தில் இறைச்சி கிடையாது. ஆகவே மார்ச் மாதத்தில் மட்டும் எங்கள் இரண்டு சமயங்களும் சட்டி விஷயத்தில் ஓரளவு ஒத்துப்போகும்.

அந்த மின்னஞ்சல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கு மசித்த உருளைக்கிழங்கு பரிமாறிவிட்டு, மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்து, கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். மிதுஷா மேசையில் மடிக்கணினியோடு இருந்தாள். அண்ணையின் ஒரே மகள். வயது இருபத்தொன்று. பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கிறாள். கடைசி வருடம், மே மாதம் சோதனை.

"அன்ரி, நான் ஒரு கொம்பனி டிரெக்டராம்," என்றாள்.

"நல்லது. அப்ப வாடகையைக் குறை."

அவள் சிரிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள். என் இங்கிலீசுக்கு அதில் பாதிதான் பிடிபட்டது. மிச்சத்தை அவளே சொன்னாள்.

நிதி நிறுவனங்கள் நிறைந்த சிற்றியில் ஒரு பெரிய கணக்காய்வு நிறுவனம் இவளைப் பயிற்சிக்கு எடுத்திருந்தது. செப்ரெம்பரில் தொடக்கம். நாலு கட்டத் தேர்வு தாண்டி நவம்பரில் அந்தக் கடிதம் வந்த நாளில், தாய் சந்திரவதனா மோதகம் அவித்துப் பக்கத்து வீட்டுப் போலந்துக்காரிக்கும் கொடுத்தாள். குளிர்ப்பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு பெரிய தாளை மிது ஒட்டிவைத்திருந்தாள். மூன்று வருடம், பதினைந்து பரீட்சை, கட்டம் கட்டமாக நிறம் தீட்டியது. கடைசிக் கட்டத்தில், முப்பது வயதில் ஈஸ்ட் ஹாமில் சொந்தமாக ஒரு ஒபிஸ். சாமித்தட்டில் தகப்பன் வைத்திருந்த சாதகக் கட்டத்தையும் இதையும் காட்டி, "இந்த வீட்டில கட்டத்துக்குக் குறைவில்லை" என்று நான் பகிடி பண்ணுவேன்.

மற்றப் பெற்றோர் டொக்டர், எஞ்சினியர் என்று பறக்கும்போது இவள் ஏன் கணக்குக்குப் போனாள் என்று நானும் ஒருநாள் கேட்டேன். பதினொரு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் வரிக்கடிதம், கவுன்சில் கடிதம் எல்லாவற்றையும் வாசித்துத் தமிழில் சொல்லுகிறவள் அவள்தான். "அன்ரி, ஒரு கடை படுக்கப்போகுது எண்டால் அதின்ர கணக்கு ஒரு வருசத்துக்கு முந்தியே சொல்லும். எங்கட ஆக்களுக்கு அதை வாசிச்சுச் சொல்ல ஆளில்லை," என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இப்போது வந்திருப்பது அந்த நிறுவனத்துக்காகப் பின்னணி விசாரிக்கும் ஒரு இடத்திலிருந்து. ஏதாவது கொம்பனிக்கு இயக்குநராக இருந்திருக்கிறீர்களா என்று படிவத்தில் கேட்டதற்கு இவள் 'இல்லை' என்று குறித்திருக்கிறாள். அவர்கள் பதிவைத் தேடியபோது 'மிது ட்ரேடிங் லிமிடெட்' என்று ஒன்று அகப்பட்டிருக்கிறது. ஒரே இயக்குநர், இவள். பதினான்கு மாதம் நடந்து, கணக்குச் சமர்ப்பிக்காததால் அரசாங்கமே பதிவிலிருந்து வெட்டியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முன் விளக்கம் வேண்டும்.

"விளக்கம் சரியில்லை எண்டால்?"

"வேலை போகும். அதுவும் பரவாயில்லை அன்ரி. பொய் சொன்னவள் எண்டு எழுதிப்போட்டினம் எண்டால் நான் அக்கவுண்டன்ற் ஆகவே ஏலாது. மற்ற வேலையில பொய் சொன்னால் வேலைதான் போகும். இதில ஆளே போயிடும்."

எத்தனை கொம்பனிகளின் பதிவைப் படிப்புக்காகத் தேடியிருப்பாள்! தன் பெயரை ஒருநாளும் தேடிப் பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்?

அண்ணை மேலே நித்திரை. பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பெற்றோல் நிலையத்தில் அவருக்கு இரவு வேலை. எழுப்பட்டா என்று கேட்டேன். வேண்டாம், ஐந்து மணிக்கு எழும்புவார்தானே என்றாள். அந்த இரண்டு மணித்தியாலமும் அவள் கதிரையை விட்டு அசையவில்லை. எனக்குக் கத்தரிக்காய் அடிப்பிடித்தது.

ஐந்து மணிக்கு அண்ணை சாரம் கட்டியபடி இறங்கி வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்பா, மிது ட்ரேடிங் எண்டால் என்ன?"

அவர் தேத்தண்ணியை ஊதினார். "எங்கட பழைய கடை. மனோர் பார்க்கில வைச்சிருந்தமே."

"அதுக்கு டிரெக்டர் ஆர்?"

"நீதான்."

'சீனி போதுமா' என்று கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போலத்தான் சொன்னார். எனக்கு விசர் வந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல என்ன கிடக்கு? உனக்கு அப்ப பதினெட்டு முடிஞ்சு போச்சு. சாத்திரியார் உன்ர குறிப்பைப் பாத்திட்டு, உம்மட பேரில தொட்டது துலங்காது, பிள்ளைக்குத் தனயோகம் கிடக்கு, பிள்ளையின்ர பேரில தொடங்கும் எண்டவர். வியாழக்கிழமை பத்து நாப்பத்திரண்டுக்குப் பதியச் சொன்னவர். கணக்குப் பாக்கிற ரதீசன்தான் பதிஞ்சு தந்தவன். கடை ஓடேல்லை, மூடினன். அவ்வளவுதான்."

"என்னத்தை மூடினனீங்கள்?"

"கடையை. ஷட்டரை இழுத்துப் பூட்டித் திறப்பை லாண்ட்லோர்டின்ர கையில குடுத்தனான்."

"அப்பா, கடையை மூடினால் கொம்பனி மூடுப்படாது."

"கடை இல்லாமல் கொம்பனி எங்க இருக்கும்? விசர்க்கதை கதைக்கிறாய்."

மிது கணினியைத் திருப்பி அவருக்குக் காட்டினாள். கணக்குக் கேட்டு எச்சரிக்கைக் கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயிருக்கின்றன. எல்லாம் பூட்டிக் கிடந்த கடை விலாசத்துக்கு. வீட்டுக்கு வந்திருந்தால் இவள்தானே உடைத்து வாசித்திருப்பாள்! அண்ணை கண்ணாடியைப் போட்டுத் தன் மகளின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். முதன்முதலாக அவர் முகம் மாறியது.

"இப்ப உதால என்ன வரும்?" என்றார்.

அவள் சொன்னாள். அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே மேலே போய்விட்டார்.

புதன்கிழமை அவர் வேலையால் வந்து நித்திரை கொள்ளவேயில்லை. நான் மூன்று மணிக்கு வந்தபோது அவர் குசினி மேசையில் இருந்தார், சந்திரா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டு நின்றாள். விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி கனரி வாஃப் கட்டடங்களில் மேசை துடைக்கிறவள். தானுண்டு தன் வேலையுண்டு என்றிருப்பவள். அன்றைக்கு அவள் மா குழைத்த வேகத்தைப் பார்த்து நான் தண்ணீர்ப் போத்தலை எட்டி வைத்தேன்.

"இஞ்சருங்கோ, நான் அண்டைக்குப் பிள்ளை பிறந்த நேரத்தைப் போனில சொன்னது பேர்ப்பலகைக்கு எண்டு நினைச்சு. மிது எண்டு பலகையில எழுதினால் நல்லது எண்டுதானே எனக்குச் சொன்னனீங்கள்?"

"பலகையும்தான்."

"பலகையும்தானோ! சாதகம் ஒரு சாட்டு. உங்கட பேரில ஒருத்தரும் கடன் தரமாட்டினம். முதல் கடை படுத்த உடனே உங்கட பேர் பழுதாப் போச்சு. அதுதான் பிள்ளையின்ர பேர்."

"சாத்திரியார் சொல்லேல்லையோ?"

"சொன்னவர்! நீங்கள் கேட்ட மாதிரிச் சொன்னவர்!"

மிது வாசலில் நின்றாள். பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. கண் வீங்கியிருந்தது. "சண்டை பிடிக்காதேங்கோ," என்றாள். "எனக்கு ஒரு வழிதான் தெரியுது. எனக்குத் தெரியாமல் அப்பா பதிஞ்சவர் எண்டு எழுத வேணும். அதுதான் உண்மை."

அண்ணை எழும்பி நின்றார். "அப்ப என்னைப் பொலிசில குடுக்கப் போறாய்."

"அப்பா, நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"வேற என்ன? ஆரின்ரையோ பேரில கள்ளமாப் பதிஞ்சவன் எண்டு வெள்ளைக்காரனுக்கு எழுதினால், அவன் தேத்தண்ணி தந்து உபசரிப்பானோ? அடுத்த மாசம் சிநேகிதன் சுஜீத்தோட பங்குக்குக் கடை எடுக்கிறன். லைசன்ஸ் என்ர பேரில. இது வெளியில வந்தால் அதுவும் போச்சு. ஐம்பத்தாறு வயசில இன்னும் எத்தினை நாளைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள விடியவிடிய இருந்து குடிகாரனுக்குச் சிகரெட் விக்கிறது?"

அவர் கொஞ்சம் தணிந்து சொன்னார். "இந்த நாட்டுக்கு வந்து குரொய்டனில அகதிக் கேசுக்கு ஒரு ஸ்டேட்மென்ற் குடுத்தனான். ஆறு மணித்தியாலம். ஒரு திகதி பிசகிப் போச்சு. அதுக்கு எட்டு வருசம் அலைக்கழிச்சவங்கள். இனி ஒருக்கா நான் என்ர வாயால ஒண்டும் சொல்லமாட்டன்."

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. அந்த எட்டு வருடம் என்னவென்று எனக்கும் தெரியும். ஆனாலும் வாய் நிற்கவில்லை. "அண்ணை, அந்தப் பிள்ளை மூண்டு வருசம் ராப்பகலா முறிஞ்சு படிச்சது. கோபிக்காதேங்கோ, நீங்கள் பிழை விட்டால் நீங்கள்தானே சொல்ல வேணும்," என்றேன்.

"நீங்கள் உங்கட அறையைப் பாருங்கோ," என்றார்.

நான் புட்டுப் பானையை அடுப்பில் வைத்தேன். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் ரதீசன் வந்தான். ஹை ஸ்ட்ரீட்டில் நகைக்கடைக்கு மேல்மாடியில் ஒபிஸ் வைத்து, எங்கள் ஆட்களின் கணக்கெல்லாம் பார்க்கிறவன். நல்ல பெர்பியூம், நல்ல சப்பாத்து. வடையைக் கடித்துக்கொண்டே, இதெல்லாம் ஒரு விஷயமா என்ற மாதிரிப் பேசினான்.

"தங்கச்சி, ஒரு வரி எழுதுங்கோ. குடும்பக் கொம்பனி, பேருக்கு டிரெக்டர், நடவடிக்கை ஒண்டும் இல்லை, அதால மறந்துபோனன். முடிஞ்சுது. ஆயிரம் பேர் அப்பிடி எழுதுகினம்."

"மறக்கேல்லை அண்ணா. எனக்குத் தெரியாது."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டிலயும் நீங்கள் குற்றமில்லை. அப்பாவும் தப்புவார்."

"நடவடிக்கை ஒண்டும் இல்லை எண்டதும் பொய். பதினாலு மாசம் கடை நடந்தது. வற் வரி கட்டேல்லை."

ரதீசன் வடையைக் கீழே வைத்தான். "படிக்கிற காலத்தில எல்லாரும் இப்பிடித்தான் கதைப்பினம். வேலைக்கு வந்து பாருங்கோ தெரியும். நான் பதினெட்டு வருசமா இந்த றோட்டில இருக்கிறன்."

"அண்ணா, நீங்கள் எந்த அக்கவுண்டன்ற் சங்கத்தில மெம்பர்?"

அவ்வளவுதான் கேட்டாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. அவன் முகம் கறுத்துப்போனது.

"அண்ணை, உங்கட மகள் என்னை விசாரிக்கிறா. நான் உங்களுக்கு உதவிக்கு வந்தனான். நாளைக்கு இவ என்ர பேரையும் எழுதினா எண்டால் நான் சும்மா இருக்கமாட்டன், சொல்லிப்போட்டன்." வாசலில் சப்பாத்தைப் போட்டபடி திரும்பினான். "இவ்வளவு நேர்மையான பிள்ளைக்கு இந்த வீட்டில என்ன வேலை?"

சந்திரா கதவை அடித்துச் சாத்தினாள். அவள் ஒரு கதவை அடித்துச் சாத்தி நான் கண்டது அதுதான் முதல் தரம்.

அண்ணை நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். "அவன் சொல்லுறது ஒரு வழிதானே, பிள்ளை," என்றார். கெஞ்சுவதைப் போலிருந்தது.

"அந்த ஒரு வரியை நான் எழுதினால் அப்பா, செப்ரெம்பரில அங்க போய் இருந்து மற்றவையின்ர கணக்கில நான் எதைப் பிழை எண்டு சொல்லுவன்? எனக்கே சிரிப்பு வராதோ?"

"அப்ப என்னைச் சொல்லு. போ. சொல்லு." அவர் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இன்னும் இரண்டு மணித்தியாலம் நேரம் கிடந்தது. சாப்பாட்டுப் பெட்டியையும் விட்டுவிட்டுப் போனார்.

மிது எழும்பி, கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, குளிர்ப்பெட்டிக்கு மேலே இருந்த தாளின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கிழிக்கவில்லை. சுருட்டி ரப்பர் வளையம் போட்டாள்.

"என்னடி செய்யிறாய்?" சந்திரா பதறினாள்.

"வேலை வேண்டாம் எண்டு எழுதப் போறன். நானா விலகினால் அவை பைலை மூடிடுவினம். ஆரும் ஒரு கேள்வியும் கேக்கமாட்டினம். அப்பாவுக்கும் ஒண்டும் வராது."

"பேந்து?"

"பேந்து என்ன. வேற எந்த அக்கவுண்டன்சி இடத்துக்குப் போட்டாலும் இதே பேரைத் தேடுவினம், இதே கேள்வி வரும். அதால இந்தத் துறை சரிவராது. ஏதாவது பாப்பம். மேனேஜர் வேலை எண்டு சுப்பர்மார்க்கெற்றில எடுக்கிறாங்கள்."

"விசரோடி உனக்கு? மூண்டு வருசம்!"

"அம்மா, நான் பொய்யும் எழுதேல்லை, அப்பாவையும் காட்டிக் குடுக்கேல்லை. இதுக்குள்ள வேற வழி இருந்தால் சொல்லுங்கோ, செய்யிறன்."

எனக்கும் ஒரு வழியும் தெரியவில்லை. வாய்க்காரி என்று பெயர் எடுத்த நான் அன்று வாயடைத்துப்போய் நின்றேன். அறைக்குள் போய் செபமாலையை எடுத்து உருட்டினேன். மனம் நிற்கவில்லை. நாலாவது மணியிலேயே அந்த மனுசனைத் திட்டத் தொடங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுக்குத்து என்று பொய் சொல்லி லீவு எடுத்தேன். நேர்மையைப் பற்றி நான் ஒன்றும் கதைக்கக்கூடாது, தெரியும். ஏழரைக்கு அண்ணை கதவைத் திறந்துகொண்டு வந்தார். மழையில் தோள் நனைந்திருந்தது. சந்திரா வேலைக்குப் போகாமல் அடுப்படியில் நின்றாள். மிது மேசையில். கணினியில் அந்தக் கடிதம் எழுதித் தயாராகக் கிடந்தது.

அவர் குளிர்ப்பெட்டிக்கு மேலே பார்த்தார். நாலு மூலையிலும் ஒட்டியிருந்த பசையின் அடையாளம். தாளைக் காணவில்லை.

"உது எங்க?" என்றார்.

யாரும் சொல்லமாட்டார்கள் என்று தெரிந்து நான் சொன்னேன். "பிள்ளை வேலையை விடப்போகுது அண்ணை. தானா விலகிறன் எண்டு எழுதி வைச்சிருக்கு. உங்களுக்கு ஒண்டும் வராமல் இருக்கிறதுக்காக."

என் அறையைப் பார்க்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. ஈர ஜக்கெற்றைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். சந்திரா இடியப்பமும் சொதியும் வைத்தாள். தட்டைத் தள்ளிவைத்தார்.

"இன்னும் அனுப்பேல்லையே?"

"இல்லை. பதினொண்டரைக்கு அனுப்பலாம் எண்டு."

"ஏன் பதினொண்டரை?"

மிது தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். கடைசி நிமிடம் வரை அந்தப் பிள்ளை எதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது என்று எங்கள் எல்லோருக்கும் விளங்கியது.

அண்ணை இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார். "அவையின்ர போன் நம்பரைத் தா."

"வேண்டாம் அப்பா. தேவையெண்டால் ஒரு கடிதம் எழுதலாம். நீங்கள் சொல்லுங்கோ, நான் இங்கிலீசில..."

"நீ எழுதினால் அது உன்ர கடிதம். தகப்பனுக்குப் பதிலா மகளே எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கிறாள் எண்டு சொல்லுவினம். ஒருக்கா உனக்குப் பதிலா நான் வைச்சது போதும்." அவர் கையை நீட்டினார். "நானே கதைக்கிறன்."

"அப்பா, உங்கட இங்கிலீசு..."

"பெற்றோல் செற்றில இத்தினை நாளா என்ன சமஸ்கிருதமோ கதைக்கிறன்?"

ஒன்பது மணிக்கு மிது இலக்கத்தை அடித்து, தகப்பன் பேச விரும்புகிறார் என்று சொன்னாள். அந்தப் பக்கத்துப் பெண் கொஞ்ச நேரம் யாரையோ கேட்டுவிட்டு வந்து, பேசலாம், ஆனால் விண்ணப்பதாரி அறையில் இருக்கக்கூடாது, மொழிபெயர்க்கவும் கூடாது என்றாள். மிது போனைத் தகப்பனின் கையில் கொடுத்துவிட்டுப் பின்கதவால் வளவுக்குப் போனாள். நான் ஒரு குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். சந்திரா படிக்கட்டில் இருந்துவிட்டாள்.

வெளியே காற்று. உடுப்புக் காயப்போடும் கம்பியில் தண்ணீர் சொட்டியது. மிது கையைக் கட்டிக்கொண்டு, குசினி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பார்க்கப் பயம். நான் பார்த்தேன். அண்ணை போனில் பேசினால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். கண்ணாடிக்கு அங்கால் இருந்தும் துண்டு துண்டாகக் கேட்டது.

"யெஸ். ஐ ஆம் த ஃபாதர்... நோ, நோ, ஷி டோன்ற் நோ... மீ. ஒன்லி மீ."

"என்ன கேக்கிறாவாம்?" என்றாள் மிது.

"தெரியேல்லை. அவர் எழும்பி நிக்கிறார்."

"ஏன் எழும்பினவர்?"

"மரியாதைக்காக்கும்."

அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தலையை ஆட்டினார். போனில் தலையாட்டுவது அங்கால் இருப்பவளுக்குத் தெரியாது என்று பிறகுதான் நினைவு வந்திருக்க வேண்டும். "யெஸ், ஐ அண்டர்ஸ்டாண்ட். யெஸ், யூ கேன் றைற்," என்றார். ஒரு இடத்தில் சொல் வரவில்லை. கையை விரித்து விரித்துத் தேடினார். மிது என் கையைப் பிடித்தாள். "எந்தச் சொல்லைத் தேடுறார் எண்டு எனக்குத் தெரியும் அன்ரி. ஒரு சொல்லுத்தான். நான் போய்ச் சொல்லிப்போட்டு வரட்டா?" என்றாள்.

"நில்லடி," என்றேன். அவளைப் பிடித்துக்கொண்டு நின்றதில் குடை காற்றில் மறுபக்கம் புரண்டது. இரண்டு பேரும் நனைந்தோம்.

இருபத்தைந்து நிமிடம். அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தார். "வாங்கோ உள்ள. காய்ச்சல் வரப்போகுது," என்று மட்டும் சொன்னார். குளித்துவிட்டு வந்து, ஆறிப்போன இடியப்பத்தைச் சாப்பிட்டார். நித்திரைக்குப் போகவில்லை. சுஜீத்துக்கு எங்களுக்கு முன்னாலேயே போன் எடுத்து, தன் பெயரை இப்போதைக்குப் போட வேண்டாம், ஒரு பிரச்சினை இருக்கிறது என்றார். "அப்ப பாப்பம் அண்ணை," என்று சுஜீத் சொன்னது எனக்கும் கேட்டது. எங்கள் ஆட்கள் 'பாப்பம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பன்னிரண்டு மணி போனது. ஒரு மணி போனது. சந்திரா சாமித்தட்டுக்கு முன்னால் நின்றவள் நின்றவள்தான். நான் பருப்பும் முருங்கைக்காயும் சமைத்தேன். உப்புப் போட்டேனா என்று மூன்று தரம் சந்தேகம் வந்தது. இரண்டு நாற்பதுக்குக் கணினி ஒலித்தது.

மிது வாசித்தாள். இன்னொரு தரம் மேலிருந்து வாசித்தாள். தாய்க்காரி தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லித் துலையன்!"

"வேலை இருக்காம்," என்றாள் மிது. "அப்பா சொன்னதை ஏற்றுக்கொள்ளுகினமாம். நான் பொய் சொல்லேல்லையாம். பதிவிலயிருந்து என்ர பேரை எடுப்பிக்கிற அலுவலைத் தொடங்க வேணுமாம்." அவள் குரல் இறங்கியது. "அப்பா சொன்னதைத் தாங்கள் உரிய இடத்துக்கு அறிவிக்க வேண்டி வருமாம். அப்பாவுக்குக் கடிதம் வருமாம்."

சந்திரா சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. மகளைக் கட்டிப்பிடித்தாள். பிறகு என்னையும் பிடித்தாள். பிறகு புருசனிடம் போய், கட்டிப்பிடிக்கக் கூச்சப்பட்டு, அவருடைய சேர்ட்டுக் கொலரைச் சரிசெய்துவிட்டாள். நான் கேட்டிருக்கக்கூடாது, கேட்டேன். "அண்ணை, பயமா இருக்கோ?"

"இருக்குத்தான்," என்றார். "கடிதம் வரட்டும். என்ர பேருக்குத்தானே வரும்."

மிது எழும்பித் தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள். அவர்தான் தொடங்கினார்.

"அந்தப் பொம்பிளை கடைசியா ஒண்டு கேட்டவ. மகள் கையெழுத்து வைக்காமல் எப்பிடிப் பதிஞ்சனீர் எண்டு. நான் சொன்னன். ரதீசன் கொம்பியூட்டரில மூண்டு கேள்வி கேட்டவன். பிறந்த ஊர், தாயின்ர முந்தின பேர், கண்ணின்ர நிறம். உதுதான் கையெழுத்துக்குப் பதில் எண்டவன்."

"என்ர கண்ணோ?"

"ஓம். கறுப்பு எண்டு சொன்னனான். எங்கட ஆக்களுக்கு வேற என்ன நிறம் எண்டு..." அவர் நிறுத்தினார். "அந்தப் பொம்பிளை திருப்பிக் கேட்டவ. சரியோ எண்டு. எனக்குச் சொல்லத் தெரியேல்லை, பிள்ளை. அவ்வளவு கேள்விக்கும் பதில் சொன்னன். அதுக்கு மட்டும் தெரியாது எண்டன்."

"பிறவுன், அப்பா," என்றாள் மிது.

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். மகளின் நாடியைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம், வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவள் கண்ணை விரித்துக்கொண்டு, மூக்கால் தண்ணீர் ஓட ஓட, அசையாமல் நின்றாள். அவர் ஒரு கண்ணைப் பார்த்தார். மற்றக் கண்ணையும் பார்த்தார்.

"ஓம்," என்றார். "பிறவுன்தான்."

பிறகும் கையை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.